"அந்த மேம் எப்படி?": இனார்கானிக் வகுப்புக்குப் போகுமுன் சீனியர் பேச்சைக் கேட்கும் விதம்

டைம் டேபிளில் ஆசிரியர் பெயர் முழுதாக இருக்காது. 'இனார்கானிக்' (கனிம வேதியியல்) என்று போட்டுப் பக்கத்தில் மூன்றெழுத்து இனிஷியல் இருக்கும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அந்த மூன்றெழுத்தைத் தூக்கிக்கொண்டு கேண்டீனுக்கு ஓடினேன். "அக்கா, எங்களுக்கு இவங்கதான் இனார்கானிக். எப்படி?" சீனியர் அக்கா சமோசாவைக் கீழே வைத்தார். பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். "செத்தடி நீ."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தகவல். ஏன் சாவேன், எந்த யூனிட்டில் சாவேன், தப்பிக்க வழி உண்டா, ஒன்றும் இல்லை. பி.எஸ்.சி. மூன்று வருஷம், எம்.எஸ்.சி. இரண்டு வருஷம், எல்லாம் சென்னையிலேயே படித்தேன். இந்த மாதிரித் தீர்ப்புகளை நூறு கேட்டிருப்பேன், ஐம்பது நானே சொல்லியிருப்பேன். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு நடந்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டவருக்கு அதை வைத்து ஒரு மார்க்கும் கூடவில்லை. அந்தப் பேச்சிலிருந்து உபயோகமானதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று, இந்த வருஷம் வேதியியல் மேஜர் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. உங்களால் ஆசிரியரை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பாடத்தை இரண்டு மூன்று பேர் நடத்துவார்கள், மாணவர் தனக்குப் பிடித்தவர் வகுப்பில் பெயர் பதிவார். அங்கே ஆசிரியரைப் பற்றிய அபிப்பிராயம் தேர்ந்தெடுக்க உதவும். நம் ஊரில் பி.எஸ்.சி.யில் அந்தப் பேச்சே பெரும்பாலும் கிடையாது. டைம் டேபிள் போடுவது துறை, உட்கார்வது நீங்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தால் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்கும்போது வரும், எம்.எஸ்.சி. ப்ராஜெக்ட் கைடு பிரிக்கும்போது வரும். மற்றபடி யார் வந்தாலும் அவர்தான்.

அதனால் "நல்லா நடத்துவாங்களா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பதில் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? "இவங்க கிளாஸுக்கு நான் எப்படிப் படிக்கணும்?" என்று கேளுங்கள். கேள்வி மாறினாலே அக்காவின் பதில் இரண்டு வாக்கியம் நீளும். சோதித்துப் பாருங்கள்.

2. மார்க் என்றால் எந்த மார்க்?

'மார்க் போடுவாங்க', 'மார்க்ல கை வைப்பாங்க' இரண்டும் தினமும் காதில் விழும். நம்புவதற்கு முன்னால் உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா, இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்து ஆறு மாதமாகியும் இது தெரியாதவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் தியரி பேப்பரில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75-க்குக் கேள்வித்தாள் எடுப்பதும் பேப்பர் திருத்துவதும் உங்கள் வகுப்பாசிரியர் கையில் இல்லை. அவர் மனது வைத்தால் 25-க்குள்தான் எதுவும் செய்ய முடியும். தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் லயோலாவும் 1978-லேயே தன்னாட்சி வாங்கியவை. அந்த மாதிரிக் கல்லூரிகளில் பாடத்திட்டம், உள்தேர்வு, கேள்வியின் போக்கு எல்லாவற்றிலும் துறையின் கை அதிகம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காலையில் செங்கல்பட்டிலிருந்து பீச் போகும் ரயிலில் நான்கு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே பெட்டியில் நின்றுகொண்டு பேசுவார்கள். ஒருத்தி தன் கல்லூரி சி.ஐ.ஏ.வை (இன்டர்னல் மதிப்பீட்டை) பற்றிச் சொல்வாள், இன்னொருத்தி அதைத் தன் கல்லூரிக்கும் பொருத்திக்கொள்வாள். தாம்பரத்தில் மழை பெய்தால் சேப்பாக்கத்திலும் பெய்யும் என்று குடை விரித்த கதைதான்.

என் கதையும் இதுதான். நான்காவது செமஸ்டரில் எங்களுக்கு வந்த சாரைப் பற்றி ஒரே குரலில் சொன்னார்கள்: "ஃப்ரீ டைப்பு. கவலையே படாத. மார்க் அள்ளிப் போடுவாரு." அள்ளித்தான் போட்டார். இன்டர்னலில் 25-க்கு 22. நான் பாதி வகுப்பு மெரினாவில் இருந்தேன். செமஸ்டர் பேப்பரில் 75-க்கு 27. கூட்டினால் 49 வருகிறதே, பாஸ்தானே என்று அப்பா கேட்டார். எக்ஸ்டர்னலில் தனியாக 40 சதவீதம், அதாவது 30 எடுக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அவருக்கும் விளக்கினேன், எனக்கும் விளங்கியது. அந்த சார் மேல் ஒரு குற்றமும் இல்லை. சீனியர்கள் சொன்னதும் உண்மைதான். அது 25 மார்க்குக்கான உண்மை.

3. யாரிடம் கேட்பது

டாப்பரிடம் கேட்காதீர்கள். அவருக்கு யார் நடத்தினாலும் புரியும். மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாள் யாரிடமும் கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லா ஆசிரியரும் வில்லன்தான்.

போன வருஷம் இதே பேப்பரை இதே ஆசிரியரிடம் முடித்தவர் ஒருவர் வேண்டும். இதே பேப்பரில் அரியர் வைத்து, பிறகு எழுதிப் பாஸானவர் ஒருவர் வேண்டும். இரண்டாமவர் சொல்வதுதான் தங்கம். எங்கே விழுந்தோம் என்று அவருக்கு யூனிட் எண்ணோடு தெரியும். மூன்றாவதாக, லேப் அட்டெண்டர் அண்ணாவிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள். யார் லேபில் எத்தனை பீக்கர் உடைகிறது, யார் ஐந்து மணிக்கு மேலும் நின்று சொல்லித் தருகிறார், யார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார் என்பதை இருபது வருஷமாகப் பார்க்கிறவர் அவர். நேரடியாகக் கேட்டால் சிரித்து மழுப்புவார். டீ வாங்கிக் கொடுத்தாலும் மழுப்புவார். ஆனால் "அண்ணா, சால்ட்டுக்கு எப்படித் தயாராகணும்?" என்று, அதாவது உப்பைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் லேப் தேர்வைப் பற்றிக் கேட்டால் தானாக வரும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர் என்றால், தமிழ் வழியில் படித்த சீனியரையும் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

ஹாஸ்டலில் என் ரூம்மேட் செய்யாறு பக்கத்துப் பெண். பிளஸ் டூவில் வேதியியலில் என்னை விட அதிக மார்க். முதல் மாதம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து அழுவாள். "அந்த மேம் நடத்துறது சுத்தமா புரியல. நான் வேற மேஜர் மாத்திக்கறேன்." நான்காவது வாரம் ஒரு நாள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "ஏய், லிகாண்ட் லிகாண்ட்னு ஒரு மாசமா சொல்றாங்களே, அது ஈனியா?" ஆமாம், ஈனிதான்: அணைவுச் சேர்மத்தில் நடுவே இருக்கும் உலோகத்தைச் சுற்றிப் பிணைந்து நிற்கும் அயனி அல்லது மூலக்கூறு. அவள் பிளஸ் டூவில் அணைவுச் சேர்மங்களில் ஐந்து மார்க் கேள்வி எழுதி முழு மார்க் வாங்கியவள். அன்றைக்கு ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டாள். ஒரு பக்கம் ஈனி, இனக்கலப்பு, வீழ்படிவு, ஒடுக்கம், இணைதிறன். இன்னொரு பக்கம் லிகாண்ட், ஹைபிரிடைசேஷன், பிரெசிபிடேட், ரிடக்‌ஷன், வேலன்சி. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பட்டியல் நான்கு பக்கம். மேம் அதே மேம்தான், நடத்தியதும் அதே மாதிரிதான். "புரியவே புரியாது" என்ற அபிப்பிராயம் மட்டும் காணாமல் போயிருந்தது. சொற்கள் தடையாக நிற்கும் இடத்தில் ஆசிரியரைத் திட்டுவது எல்லாரும் செய்வது. உங்கள் முதல் வார வேலையாக அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.

4. சீனியர் மொழிக்கு உரை

ஒரே வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கும். கேட்டவுடன் அடுத்த கேள்வியைப் போடப் பழகுங்கள்.

'ஸ்ட்ரிக்ட்.' எதில்? நேரத்திலா, அட்டெண்டன்ஸிலா, ரெக்கார்டிலா, திருத்துவதிலா? ஒன்பதரைக்குக் கதவைச் சாத்துகிறவர் என்றால் முந்தின ரயிலைப் பிடித்தால் முடிந்தது. பேப்பர் திருத்துவதில் ஸ்ட்ரிக்ட் என்றால் அது வேறு. அவரிடம் 60 வாங்கினால் பல்கலைக்கழகப் பேப்பரில் அதை விடக் கூடவே வரும். எங்கள் கிளாஸில் அப்படி ஒருவர் 'எலக்ட்ரானிக் கான்ஃபிகரேஷன்' எழுதும்போது மேலே எழுத வேண்டிய எண்ணைக் கொஞ்சம் கீழே எழுதினாலும் அடித்துவிடுவார். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவரிடம் படித்த யாரும் பிறகு அந்தத் தப்பைச் செய்து நான் பார்க்கவில்லை.

'ஃப்ரீ டைப்.' மேலே என் 27 மார்க்கைப் பார்க்கவும்.

'நோட்ஸ் குடுப்பாங்க.' இதைப் பாராட்டாகத்தான் சொல்வார்கள். டிக்டேட் செய்கிற நோட்ஸா, போர்டில் படம் போட்டு எழுதுகிறதா, எந்த வருஷத்தில் தயாரித்தது, இப்போதைய சிலபஸோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அண்ணன்மார் விட்டுப்போன பழைய நோட்ஸ் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். சிலபஸ் மாறியது அந்தக் கட்டுக்குத் தெரியாது.

'போர்டு ஃபுல்லா எழுதுவாங்க, திரும்பியே பாக்க மாட்டாங்க.' திரும்பிப் பார்க்காதது குறைதான். ஆனால் கனிம வேதியியலில் போர்டில் எழுதுவது பெரிய விஷயம். படிகப் புலக் கொள்கையில் ஐந்து டி ஆர்பிட்டல்கள் எண்முகிப் புலத்தில் மூன்றும் இரண்டுமாகப் பிரிவதை ஒருவர் கையால் படிப்படியாக வரைந்து காட்டுவதற்கும், ஸ்லைடில் ஒரே தட்டில் வந்து விழுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஸ்லைடு போடுகிறவர் வகுப்பு என்றால் நீங்கள் வீட்டுக்கு வந்து ஒருமுறை கையால் வரைய வேண்டும். இதுதான் நான் சொல்கிற 'எப்படிப் படிக்கணும்'.

'சூப்பரா நடத்துவாங்க, கிளாஸ் போறதே தெரியாது.' இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கேட்கும்போது புரிவதும் தேர்வில் எழுத வருவதும் ஒன்றல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வகுப்பில் இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அழகான விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். வகுப்பிலேயே கணக்குப் போட்டுத் திணறியவர்கள் தங்களுக்கு அவ்வளவாக ஏறவில்லை என்று நினைத்தார்கள். டெஸ்ட் வைத்தபோது திணறியவர்கள்தான் கூடுதலாக வாங்கினார்கள். அதனால் 'சூப்பர்' என்று சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அவங்க நடத்தினதுல இப்ப ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா." ஜோக்கு மட்டும் ஞாபகம் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

'சிடுசிடு.' இந்தச் சொல் மேம்களுக்கு மட்டும் வருவதைக் கவனியுங்கள். அதே குரலில் அதே வாக்கியத்தை சார் சொன்னால் அவர் 'கண்டிப்பானவர்'. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முகம் தெரியாத ஆன்லைன் வகுப்பு ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பெயர்களை மாற்றிக்கொண்டு நடத்திப் பார்த்தார்கள். ஆண் பெயர் போட்டிருந்தவருக்கே, உண்மையில் அது யாராக இருந்தாலும், மாணவர்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். ஆகவே 'சிடுசிடு' வந்தால் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கலாம்.

'பார்ஷியாலிட்டி.' இதை லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள், உடனே நம்பவும் செய்யாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். "ஃபர்ஸ்ட் பெஞ்ச்சைத்தான் பாத்து நடத்துவாங்க" என்றால் முன்னால் போய் உட்காருங்கள். சாதியைச் சொல்லிப் பேசினார், பெண்களிடம் தப்பாக நடந்தார் என்றால் அது அபிப்பிராயம் இல்லை, புகார். பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்துப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேண்டீனில் கிசுகிசுத்து ஆறவைக்கிற விஷயம் இல்லை அது.

5. பழி ஆசிரியருக்கா, பாடத்துக்கா?

ஒரு பேப்பரில் ஐந்து யூனிட் இருக்கும். பல துறைகளில் இரண்டு பேர் பிரித்து எடுப்பார்கள். "இனார்கானிக் மோசம்" என்று சீனியர் சொன்னால் எந்த யூனிட், யார் எடுத்தது என்று கேட்காமல் விடாதீர்கள்.

நான் கவனித்த ஒன்று: பி-பிளாக் (தனிம வரிசை அட்டவணையின் வலது பக்கத் தனிமங்கள்) நடத்துகிறவருக்கு நல்ல பெயர் கிடைப்பது அபூர்வம். அணைவு வேதியியல் நடத்துகிறவருக்குக் கெட்ட பெயர் கிடைப்பது அதை விட அபூர்வம். அணைவில் கதை இருக்கிறது, நிறம் இருக்கிறது. பொருள்களை ஈரமில்லாமல் வைக்கும் டெசிகேட்டரில் போடும் நீலச் சிலிக்கா ஜெல் ஈரம் பட்டதும் இளஞ்சிவப்பாகிறதே, அது கோபால்ட் ஈனியை மாற்றிக்கொள்வதால் என்று சொன்னால் கடைசி பெஞ்ச்சும் நிமிரும். நிக்கல் நான்கு குளோரைடோடு சேர்ந்தால் நான்முகி, நான்கு சயனைடோடு சேர்ந்தால் தளச் சதுரம். ஏன் என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்றாலே வகுப்பு தானாக நடக்கும்.

பி-பிளாக்கில் அந்த வசதி இல்லை. போரான் குடும்பம், கார்பன் குடும்பம், நைட்ரஜன் குடும்பம் என்று பதினைந்து வகுப்பு. தயாரிப்பு, பண்பு, பயன், விதிவிலக்கு. தேவலோகத்திலிருந்து ஒருவர் வந்து நடத்தினாலும் மதியம் இரண்டு மணிக்குத் தூக்கம் வரும். அங்கே ஆசிரியரை எடைபோட ஒரு சின்ன அளவுகோல் சொல்கிறேன். பாஸ்பரஸின் ஆக்சோ அமிலங்கள் நடத்தும்போது பாருங்கள். ஹைபோபாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் இருந்தும் அது ஒரு காரத்துவம் (அமிலமாகக் கழல்வது ஒன்றுதான்), பாஸ்பரஸ் அமிலத்திலும் மூன்று இருந்தும் இரு காரத்துவம், பாஸ்பாரிக் அமிலம் மட்டும் முக்காரத்துவம். இதை அட்டவணையாக எழுதச் சொல்லிவிட்டுப் போகிறவர் ஒரு வகை. மூன்றின் அமைப்பையும் போர்டில் போட்டு, 'பாஸ்பரஸை நேரா புடிச்சிட்டிருக்கிற ஹைட்ரஜன் கழலாது, ஆக்சிஜன் வழியா தொங்குறதுதான் கழலும், எண்ணிப் பாரு' என்கிறவர் இன்னொரு வகை. முதல் வகை கிடைத்தால் அழ வேண்டாம். எங்கெல்லாம் அட்டவணை வருகிறதோ அங்கெல்லாம் அமைப்பை நீங்களே வரைந்து 'ஏன்' என்று எழுதிக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு யூனிட் முடியும், ஏ.சி.யும் இலவசம்.

6. லேபுக்குத் தனிக் கணக்கு

வகுப்பில் சொதப்புகிற சிலர் லேபில் மன்னர்கள். தலைகீழாகவும் உண்டு. ஆகவே லேபைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்: அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டுமா, தப்பான சால்ட் ரிப்போர்ட் செய்தால் மறுபடி செய்ய விடுவார்களா, வைவாவில் எதிலிருந்து கேட்பார்கள்.

எங்கள் மேமைப் பற்றி லேபில் கிடைத்த தகவல்: "ஹெல்ப்பே பண்ண மாட்டாங்க." கேண்டீன் அக்கா 'செத்தடி' என்று சொன்ன அதே மேம்தான். எனக்கும் என் பார்ட்னருக்கும் கொடுத்த கலவையில், எந்த உலோகம் என்று தொகுதி தொகுதியாகக் கண்டுபிடிக்கும் சோதனையில், நான்காம் தொகுதி வந்தது. நிக்கல் என்று தோன்றியது. கரைசலில் டைமெத்தில் கிளையாக்சைம் விட்டோம். ரோஜாச் சிவப்பில் வீழ்படிவு வர வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டோம். ஒன்றும் இல்லை. மணி நாலே கால். மேமைக் கூப்பிட்டோம். வந்தார். டெஸ்ட் ட்யூபை வாங்கினார். வாய்க்கு மேலே கையால் மெல்ல விசிறி மூக்கருகே காற்றை இழுத்தார். திருப்பி என் கையில் கொடுத்து, "வாசனை வருதாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

என் பார்ட்னருக்கு வந்த கோபத்தில் டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டையே தள்ளியிருப்பாள். "கேட்டா பதில் சொல்றதுக்கு என்ன? வாசனையாம்!" நான் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: அம்மோனியா ஊற்றியிருந்தால் மூக்கைத் துளைக்க வேண்டுமே. ராஜதிராவகத்தில் கரைத்த கரைசல், இன்னும் அமிலமாகவே இருக்கிறது. அமிலத்தில் அந்த வீழ்படிவு நிற்காது. அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வாசனை வந்ததும் நிறுத்தினேன். மயிலாப்பூர் மாட வீதியில் குடிக்கிற ரோஸ் மில்க் தயிராக உறைந்தால் எப்படி இருக்கும், அந்த நிறத்தில் திரண்டது.

அந்த ஒரே சம்பவத்துக்கு இரண்டு அபிப்பிராயம் கல்லூரியில் உலவியது. "கூப்பிட்டா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுவாங்க, ஹெல்ப்பே கிடையாது" என்று என் பார்ட்னர் ஜூனியர்களுக்குச் சொன்னாள். நான் வேறு மாதிரி சொன்னேன். இருவரும் பார்த்தது ஒன்றைத்தான். யார் சொல்வதைக் கேட்டாலும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு தடவை கேளுங்கள். கதையின் பின்பாதி அங்கேதான் இருக்கும்.

7. முதல் இரண்டு வாரம், கடைசிப் பக்கம்

கேட்டதெல்லாம் போதும். இனி நீங்களே பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் (ரூம்மேட் பட்டியலுக்கு இடம் விட்டு) மூன்று விஷயம் குறியுங்கள். வகுப்பைப் போன வகுப்பின் கேள்வியோடு ஆரம்பிக்கிறாரா? யாராவது தப்பாகப் பதில் சொன்னால் என்ன செய்கிறார்: உட்கார் என்கிறாரா, எங்கே தப்பு என்று தோண்டுகிறாரா? தனக்குத் தெரியாததை 'நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்' என்று ஒத்துக்கொள்கிறாரா? மூன்றாவதற்கு என் கணக்கில் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது வாரம் ஸ்டாஃப் ரூமுக்கு ஒருமுறை போங்கள். வெறுங்கையோடு போய் "புரியல மேம்" என்று நிற்காதீர்கள். நீங்கள் போட்டுப் பார்த்த தாளை எடுத்துப் போய், "இதுவரைக்கும் வந்தேன் மேம், இங்க நிக்குது" என்று காட்டுங்கள். வகுப்பில் முறைக்கிற சிலர் ஸ்டாஃப் ரூமில் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

கஷ்டப்படுத்துகிறவர் வாய்த்தால் ஒரு தகவல் ஆறுதல் தரலாம். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை ஆசிரியர்களுக்குக் குலுக்கல் மாதிரிப் பிரித்துப் போடுவார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே சிலபஸ், ஒரே கேள்வித்தாள். அங்கே கால்குலஸ் வகுப்புகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான கட்டுரையில், மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் நன்றாக எழுதினார்கள், ஆனால் அதற்கு அடுத்த நிலைக் கணித வகுப்புகளில் பின்தங்கினார்கள் என்று வந்தது. நம் பாடத்திலும் முதல் வருஷப் பிணைப்புக் கொள்கைதான் மூன்றாம் வருஷம் அணைவாகவும், எம்.எஸ்.சி.யில் குரூப் தியரியாகவும், ஜாம் (எம்.எஸ்.சி. நுழைவுத் தேர்வு), நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்வுகளில் கேள்வியாகவும் திரும்பி வருகிறது. 'செத்தடி' மேமின் வகுப்பில் நான் வாங்கியது சுமார் மார்க்தான். நெட்டுக்குப் படித்தபோது அந்த நோட்டை மட்டும்தான் ஊரிலிருந்து எடுத்து வரச் சொன்னேன்.

8. ஃபீட்பேக் ஃபார்ம் வரும்போது

செமஸ்டர் கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பச் சொல்வார்கள். கல்லூரியைத் தரம் பிரிக்கும் நாக் குழு வருகிற வருஷம் என்றால் இரண்டு தடவை. எல்லாவற்றுக்கும் ஐந்தைத் தட்டிவிட்டு ஓடுவதுதான் வழக்கம், அட்டெண்டன்ஸில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று. இரண்டையும் யாரும் படிப்பதில்லை. கீழே எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் நடந்ததை எழுதுங்கள். "நன்றாக நடத்தவில்லை" என்று எழுதுவதை விட "யூனிட் 4 கடைசி வாரத்தில் மூன்று வகுப்பில் முடிந்தது, கணக்குகள் போடவில்லை" என்று எழுதினால் துறைத் தலைவர் ஏதாவது செய்ய முடியும். புடவை, உச்சரிப்பு, ஊர், இதெல்லாம் வேண்டாம். பொது இடத்தில் பெயர் போட்டுத் திட்டி எழுதுவதும் வேண்டாம். அழித்தாலும் ஸ்க்ரீன்ஷாட் நிற்கும், அதே மேமிடம்தான் நாளைக்கு ப்ராஜெக்டுக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

9. அடுத்த ஜூன் வந்ததும்

சமோசாவோடு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். மூன்றெழுத்து இனிஷியலோடு ஒருத்தி வந்து நிற்பாள். நான் என் ஜூனியருக்கு அனுப்பிய மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது, மாதிரிக்கு அப்படியே போடுகிறேன்:

"யூனிட் 1, 2, 5 மேம் எடுப்பாங்க, 3, 4 வேற சார். மேம் கேள்வி கேட்டுட்டு நிறைய நேரம் சும்மா நிப்பாங்க, பயந்துடாத, தப்பா சொன்னாலும் திட்ட மாட்டாங்க. பேசாம இருந்தாதான் திட்டுவாங்க. நோட்ஸ் தர மாட்டாங்க, போர்டுல போடுறதை அன்னிக்கே ஃபேர் காப்பி பண்ணிடு. பி-பிளாக் ஸ்லோவா போகும், அது பாடத்தோட தப்பு. இன்டர்னல்ல எனக்கு 25-க்கு 16, கிளாஸ்ல அதிகபட்சம் 20. ரெக்கார்டு வியாழக்கிழமைக்குள்ள வைக்கணும், வெள்ளிக்கிழமை வாங்க மாட்டாங்க. லேப்ல கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டாங்க, ஒரு கேள்விதான் கேப்பாங்க. அந்தக் கேள்வியை எழுதி வெச்சுக்கோ. நிக்கல் வந்தா அம்மோனியா வாசனை பாத்துட்டுக் கூப்பிடு."